பச்சைக் குழாய்த் துண்டு

மார்ச் 3

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி. பஞ்சுதான் எழுதுகிறேன். இங்கே அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட ஆள் இல்லை. ஒரு எண்ணைச் சொல்லிக் கத்துகிறார்கள், நான் எழுந்து நிற்கிறேன். சோபாக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் தலையெல்லாம் ஃபோம் தூளோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நீ வைத்த பெயர் அது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எத்தனை தையல்? பிரித்துவிட்டார்களா? மாமா ரொம்பக் கோபமாக இருக்கிறாரா? இருப்பார். எனக்குத் தெரியும்.

தபாலில் போட்டால் இங்கே பிரித்துப் படிப்பார்கள். அதனால் வக்கீலின் குமாஸ்தா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டின கவரை ஒட்டினபடி கொண்டுவந்து தருவார். நீயும் பதிலை அவரிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் என் முன்னால் மூன்று விரலை நீட்டி வழக்கை விளக்கினார். முதல் விரல், வராதே என்று சொன்ன வீட்டுக்குள் நுழைந்தது. மாமா போனில் என்னை வரக் கூடாது என்று சொன்னார் இல்லையா, அது. அதற்கு அதிகம் போனால் ஒரு வருஷம். இரண்டாவது விரல், ஆயுதத்தோடு நுழைந்தது. மூன்றாவது, அந்த ஆயுதத்தை ஆபத்தாக உபயோகித்தது. கடைசி இரண்டும் நிரூபணமானால் ஏழு வருஷம் வரைக்கும் போகுமாம்.

"ஃபோம் வெட்டற கத்திதானே சார், ஆயுதம்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டேன். "அது கத்தியப் பாத்துச் சொல்ற விஷயம் இல்லப்பா. நீ அதை எதுக்கு எடுத்துட்டுப் போனேங்கறதுதான் கேள்வி" என்றார். வேலை செய்துகொண்டிருந்தவன் கையில் இருந்தது தெரியாமல் அப்படியே வந்துவிட்டான் என்றால் அது கருவி. உன் கையில் பட்டது விபத்து. வழக்கு முதல் விரலோடு முடிந்துவிடும்.

நடந்ததும் அதுதான் அக்கா. அன்றைக்கு மதியத்துக்கு மேல் ஃபோம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. போனை எடுக்கவே இல்லை. திடீரென்று மண்டைக்குள் ஏதோ ஆகிவிட்டது, எழுந்து நடந்துவிட்டேன். நாலு தெருதானே. கையில் கத்தி இருப்பதே நீ கத்தின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதை நீ கோர்ட்டில் சொன்னால் போதும். காயம்பட்டவளே சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்கிறார் வக்கீல். நான் அவளை மிரட்ட வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். உனக்கே தெரியும்.

உன் பஞ்சு


மார்ச் 12

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

பத்தொன்பது தையல். உள்ளங்கையில் பதினொன்று, விரல்களில் எட்டு. பிரித்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் மடங்குகின்றன. அது பரவாயில்லை, பழகிக்கொள்வேன். ஆனால் இரண்டு விரல் நுனியிலும் உணர்ச்சி இல்லை. மேசை மேல் விரலை வைத்தால் மேசை இருப்பது தெரியவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு மறந்திருக்காது. பதினெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறேன். யாருடைய கையிலும் நான் கண்ணால் நரம்பு தேடியதில்லை. ஆள்காட்டி விரல் நுனியை வைத்து லேசாக அழுத்துவேன், அது சொல்லிவிடும். இப்போது அது ஊமை. என்னைக் குப்பிகளில் பெயர் ஒட்டும் மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்க்கா" என்கிறார்கள். கேட்பவர்களிடமெல்லாம் நான் கண்ணாடி உடைந்து கிழித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி செய்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் மாமா உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். சின்னவள் இங்கேதான் இருக்கிறாள். அதுதான், உன் பெண்டாட்டி. காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். தபால்காரர் வந்தாலும் போடுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து கேட்டு வந்தாலும் போடுகிறாள்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். சந்தோஷம். முழங்கை நீளக் கத்தியை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நாலு தெரு நடந்து வந்தாய், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, இல்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உறை போடாத கத்தியை மேசையை விட்டு இறக்கினால் உங்கள் மேஸ்திரி அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நீதான் பெருமையாகச் சொல்வாய். அன்றைக்கு உறை எங்கே இருந்தது? யோசித்து எழுது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் எழுத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதேன். பக்கத்தில் இருப்பவர் வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டார். அந்த விரல்களுக்கு ஏதாவது பயிற்சி இருக்கும், டாக்டரிடம் கேள்.

உறையா? கம்பெனி மேசையில்தான் கிடக்கும். வேறு எங்கே இருக்கும்? நீ பார்த்திருக்கிறாய், பச்சைத் தோட்டக் குழாயில் ஒரு முழம் வெட்டி நானே செய்தது. ஒரு கையில் ஃபோமைப் பிடித்திருப்பேன், இன்னொரு கையில் கத்தி, அதனால் உறையைப் பல்லால் கடித்துத்தான் உருவுவேன். அன்றைக்கும் அப்படி உருவி மேசையில் துப்பினேன். கத்தியை ஒரு பழைய துணிக்குள் சொருகிய மாதிரி பிடித்து வந்தேன் போலிருக்கிறது, அதனால் யாரும் பார்க்கவில்லை. எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. நீ போலீஸ்காரரைவிட மோசமாகக் கேட்கிறாய்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த அக்காவாவது தம்பி பெண்டாட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தம்பியை வாசலில் நிறுத்துவாளா? புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை? நாலு நாளில் சரியாகியிருக்கும். நீ அவளுக்கு ஒரு அறையைக் கொடுத்தாய், மாமா என்னை வராதே என்றார், அவள் போனை எடுக்காமல் விட்டாள். எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கினீர்கள். அதை மட்டும் யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்றால் இங்கே காகிதம் கிடைப்பதில்லை. மன்னித்துக்கொள். சாப்பாடு பரவாயில்லை. தூக்கம்தான் வரவில்லை. ஃபோம் வெட்டுகிறவனுக்குச் சிமெண்டுத் தரை, என்ன பொருத்தம் பார்.

ஜூன் ஒன்பதாம் தேதி விசாரணை என்கிறார் வக்கீல். நீ வருவாய்தானே?

பஞ்சு


மார்ச் 27

தம்பி,

உறை உன் கம்பெனி மேசையில் இல்லை. என் வீட்டில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் செருப்பு ஸ்டாண்டு இருக்கிறதே, அதற்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. ஒரு முனை முழுக்கப் பல் பதிந்திருக்கிறது. உன் முன்பல் ஒன்று கோணல். அந்தக் கோணலும் ரப்பரில் அப்படியே விழுந்திருக்கிறது. யார் கொண்டுவந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் இது எனக்கே புரிகிறது. கத்திக்கு உறை போட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாய். நாலு தெருவும் உறையோடு வந்திருக்கிறாய். என் வீட்டுக்குள் கால் வைத்த பிறகு கழற்றியிருக்கிறாய். கையில் கத்தி இருப்பதே தெரியாமல் வந்தவன் உறையை மட்டும் எப்படித் தெரிந்து கழற்றினான்? போன கடிதத்தில் உனக்கு ஒரு இடம் விட்டுவைத்தேன். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் பாதி மன்னித்திருப்பேன். நீ என் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தாய். அதுவும் பல்லால் கடித்துத் துப்பினேன் என்று நடித்துக்காட்டி.

போலீஸுக்கு இது தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது. உன் மாமாவுக்குத் தெரியும். "கொளுத்திப் போடு, இதோட நம்ம தலைவலி தீரட்டும்" என்கிறார். உன் மேல் பாசம் பொங்கி அல்ல. நான் கூண்டில் ஏறக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அவளை ஏன் உள்ளே சேர்த்தேன் என்று கேட்டிருக்கிறாய். வந்தபோது அவள் மேலுதடு எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லை. ஓ, நீதான் முதலில் பார்த்திருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கொளுத்திவிடு. மாமா சொல்வதுதான் சரி. இல்லை, ரப்பர் எரிந்தால் நாற்றம் தெருவுக்கே வரும், கொளுத்த வேண்டாம். துண்டு துண்டாக வெட்டி வேறு வேறு நாளில் குப்பையில் போடு.

எப்போது கிடைத்தது? பெருக்கும்போதா? வேறு யாராவது பார்த்தார்களா? வக்கீலிடம் சொல்லிவிடாதே. குமாஸ்தாவிடம் வாய் தவறிக்கூடப் பேசாதே.

ஏழு வருஷம் அக்கா. வெளியே வரும்போது நாற்பது தாண்டியிருப்பேன். யார் வேலை கொடுப்பார்கள்? நான் செய்தது தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஒரு குழாய்த் துண்டு என் தலையெழுத்தை முடிவுசெய்ய வேண்டுமா?

உன் காலில் விழுகிறேன்.

பஞ்சு


ஏப்ரல் 15

தம்பி,

நீ சொன்னபடி வெட்டிப் போடத்தான் நினைத்தேன். சமையலறையில் நின்றுகொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன். வலது கையில் அது நிற்கவில்லை, தரையில் விழுந்தது. இடது கையால் அந்த ரப்பரை வெட்ட முடியவில்லை. உன் மாமா "கொடு, நான் வெட்டறேன்" என்று வந்தார். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். அதில்தான் இருக்கிறது.

நேற்று வேலையிடத்தில் ஆள் குறைவு. ஒரு பெண்ணுக்கு ரத்தம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். சரி, பார்ப்போம் என்று போனேன். விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஊமை விரலை நம்பி ஊசியை எப்படிக் குத்துவது? அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "பயமா இருக்காக்கா? எனக்கில்ல, உங்களுக்கு" என்றாள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இனி அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றேன். உன் மேல் அப்போது வந்த ஆத்திரம் கத்தியைப் பிடித்த அன்றைக்குக்கூட வரவில்லை.

ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் கோடையில் சின்னவள் ஒரு தடவை என்னிடம் வந்தாள். மணிக்கட்டில் கன்றியிருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்து, "அவன் முன்கோபிதான்மா, மனசு பஞ்சு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி நானே பஸ் ஏற்றி அனுப்பினேன். உன் பக்கம் பேசியதாக நினைத்தேன். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. உதடு கிழிந்த பிறகுதான் மறுபடி வந்தாள், அதுவும் "இந்தத் தடவையும் அனுப்பிடுவீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது நான் குழாய்த் துண்டைக் குப்பையில் போட்டால் அவளை இரண்டாவது தடவை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அர்த்தம். உனக்குப் புரிகிறதா? நீ ஒரு வருஷத்தில் வெளியே வருவாய். பெல் அடிப்பாய். அவள் பாத்ரூமுக்குள் போவாள்.

ஏழு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி பகலாக அந்த எண்ணைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். உன்னை உள்ளே தள்ளுவது எனக்குச் சுலபம் என்று நினைக்காதே.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி நீதிபதி கேட்கும்போது நீயே சொல்லிவிடு. உறை போட்டுக் கொண்டுவந்தேன், வீட்டுக்குள் கழற்றினேன் என்று நீயே சொல். ஒப்புக்கொண்டவனுக்குக் குறைப்பார்கள் என்று குமாஸ்தாவும் சொல்கிறார், நான் பொதுவாகத்தான் கேட்டேன். அதற்கு முன்னால் எனக்கு எழுது. அவளைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


மே 6

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் பல்லைக் காட்டிக் காகிதம் வாங்க வேண்டியிருந்தது. இது நாலாவது.

அன்றைக்கு மதியம் பதினாலு தடவை கூப்பிட்டேன். பதினைந்தாவது தடவை எடுத்தாள். "இனிமே கூப்பிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அந்தக் குரலில் பயமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மண்டைக்குள் ஏதோ ஆகி எழுந்து நடந்தேன் என்று எழுதினேனே, அது பொய். கையில் இருந்த வேலையை முடித்தேன். மேசையைத் துடைத்தேன். டீ குடித்தேன். கத்திக்கு உறையைப் போட்டேன். அது யோசித்துப் போட்டது இல்லை, பதினோரு வருஷப் பழக்கம், கத்தி மேசையை விட்டு இறங்கினால் கை தானாகப் போட்டுவிடும். ரெக்ஸின் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். மேஸ்திரி, "கத்திய எங்கடா எடுத்துட்டுப் போற?" என்றார். "சாணை பிடிக்கணும்" என்றேன். அவர் அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றினேன். சிரிக்காதே. உன் வீட்டுக்குள் நான் செருப்போடு வந்ததே இல்லை. ஒழுங்காக ஸ்டாண்டில் வைத்தேன். பிறகுதான் பையிலிருந்து கத்தியை எடுத்து உறையைக் கடித்து உருவினேன். நீ சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

என்ன செய்திருப்பேன் என்று கேட்டிருக்கிறாய். அவள் முகத்தில் பயத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தேன். பார்த்துவிட்டால் போதும், அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பார்த்த பிறகும் அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால்? யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. செய்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் மூன்று காகிதத்தைப் பாழாக்கினேன். எழுதினால் கை நம்பவில்லை. நீ குறுக்கே வந்து பிடித்துவிட்டாய், அதனால் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது.

நான் இழுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீ பிடித்ததும் நான் கத்தியை விடவில்லை, இழுத்தேன். உன் விரல் அதில்தான் போனது.

ஒன்பதாம் தேதி நானே சொல்கிறேன். நீ கூண்டில் ஏறி எனக்கு எதிராகப் பேச வேண்டாம். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். எனக்கு விடு.

பஞ்சு


ஜூன் 7

தம்பி,

உன் கடிதத்தை ஒரு மாதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ எழுதியதிலேயே இதுதான் கடிதம். படித்தபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து வந்தது என்று கேட்காதே.

சின்னவள் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். காலையில் போய் மாலையில் வந்துவிடுகிறாள். போன வாரம் அவளே போய்க் கதவைத் திறந்தாள், பால் பாக்கெட்டுக்கு.

நாளை மறுநாள் உன் மாமாவும் வருகிறார். வரமாட்டேன் என்றுதான் சொன்னார், காலையில் தானாகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். குழாய்த் துண்டை என் பையில் போட்டுக்கொண்டு வருவேன். நீ சொல்லிவிட்டால் பையைத் திறக்க மாட்டேன். திறக்காமலே திரும்பி வர வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீதிபதியைப் பார்த்துப் பேசு. என்னைப் பார்க்காதே. பார்த்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

அக்கா


ஜூலை 20

அக்கா,

இனிமேல் குமாஸ்தா வரமாட்டார். இந்தக் கடிதத்தை இங்கே ஒருவர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். படிக்கட்டும். கோர்ட்டில் எல்லோரும் கேட்டதுதானே.

ஒரு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நீ எனக்கு எதிராகக் கையை நீட்டினாய் என்ற கோபம். உன் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபம் இருந்தது. எழுதித்தந்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டவன் நான்தான்.

நீதிபதி ஒவ்வொன்றாகப் படித்தார். அத்துமீறி நுழைந்தாயா என்றார், ஆமாம் என்றேன். ஆயுதத்தோடு நுழைந்தாயா என்றார். வாயைத் திறந்தேன். நிஜமாகவே சொல்லத்தான் திறந்தேன் அக்கா. வக்கீல் லேசாகத் தலையை ஆட்டினார். ஏழு வருஷம் என்பது மட்டும்தான் நினைவில் நின்றது. "இல்லங்கய்யா, வேலை செஞ்சுட்டிருந்தேன், கையில இருந்தது தெரியாம வந்துட்டேன்" என்றேன். உன்னைப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். நீ மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ பையைத் திறந்து அதை எடுத்து வைத்தபோது ரெண்டு அரிசி கீழே விழுந்தது. அரசு வக்கீல்கூட அதை எதிர்பார்க்கவில்லை, பாவம், காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். நீதிபதிதான் கேட்டார். நாலு மாதமாக இதை ஏன் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்றார். "என் தம்பிங்கய்யா" என்றாய். சாட்சியை மறைத்ததற்காக உங்கள் மேலும் வழக்குப் போடலாம், தெரியுமா என்றார். "தெரியுங்கய்யா" என்றாய். நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. வெட்டிப் போட்டிருந்தால் இவளுக்கும் இந்தப் பேச்சு இல்லையே என்று.

என் வக்கீல் விடவில்லை. சம்பவம் நடந்து இருபது நிமிஷத்தில் போலீஸ் வந்து வீடு முழுக்கத் தேடியிருக்கிறது, செருப்பு ஸ்டாண்டையும் பார்த்திருக்கிறது, அப்படி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது, பிறகு எப்படி அங்கே முளைத்தது என்று கேட்டார். உன்னைப் பொய் சொல்கிறவளாகக் காட்டப் பார்த்தார். நானும், இது நல்ல கேள்விதான், இதற்கு அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று ஆவலாக நின்றேன். பெருக்கும்போது கிடைத்தது என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன்.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேங்க" என்றாய்.

"முன்னாடின்னா எப்போ? உங்க தம்பி வெளியே போன பிறகா?"

"அவன் எங்கயும் போகலிங்க. கத்தியக் கீழ போட்டுட்டு மூஞ்சிய மூடிக்கிட்டு தரையில உக்காந்திருந்தான். அப்ப."

"உங்க கையில அவ்வளவு பெரிய வெட்டு. ரத்தம் கொட்டிட்டிருக்கு. அப்ப போய் இதை எடுத்தீங்களா?"

"ஆமாங்க. இடது கையால எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். அப்புறந்தான் கையில துணி சுத்தினேன்."

நாலு வருஷம் என்று நீதிபதி சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை. பிறகு வண்டியில் ஏற்றும்போது காவலரிடம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே மெத்தை தைக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கத்தியை மேசையோடு சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். உறை கிடையாது, தேவையும் இல்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் என் கை மேசை மேல் எதையோ தேடுகிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன தேடறே என்று கேட்கிறார், ஒன்றுமில்லை என்கிறேன்.

அந்த வீட்டில் அன்றைக்கு நான் முகத்தை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நீ எனக்குப் பின்னால் குனிந்ததும் எனக்குத் தெரியாது. சொட்டுச் சொட்டாக ஏதோ விழும் சத்தம் மட்டும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சமையலறைக் குழாயை மூடாமல் விட்டுவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கையைக் கட்டியிருக்க வேண்டியதுதானே அக்கா.

தம்பி